கடனும் கடமையும்

உயர்தர வகுப்பிலே புறநானூற்றுப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பொன்முடியாரின் பாடலொன்றை விளக்கிக்கொண்டிருந்தோம். தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் வேந்தனுக்கும் உரிய கடன்கள் இவை இவை என அப்பாடல் வகுத்துச் செல்வது தமிழ் படித்தோர் யாவரும் அறிந்ததே. 'கடன்' என்னும் சொல்லை உச்சரித்ததும் பின்வரிசையில் ஒரு சிரிப்பு எழுந்து வகுப்பெங்கும் பரவிற்று. அது குறும்புச் சிரிப்பன்று. அச்சொல்லுக்கு அப்பிள்ளைகள் அறிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான். அப்பொருளைத் தாய்க்கும் தந்தைக்கும் மாத்திரமன்றி வேந்தனுக்கும் ஏற்றிப் பார்த்தபோது அவர்களுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கொப்பியின் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தாள். இது நிகழ்ந்தது 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், வன்னியிலே நாம் கற்பிக்கும் கிராமத்துப் பாடசாலையில். அம்மாணவியின் தாயாரை இரு கிழமைகள் கழித்துச் சந்திக்க நேர்ந்தது. அச்சந்திப்பே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

முதலிற் சொல்லைப் பற்றிச் சிறிது கூறிவிடுகிறோம். தமிழாசிரியர்க்கு இக்குறை இயல்பானது, வாசகர் பொறுத்தருள்வர். பழந்தமிழிலே கடன் என்பது பெரும்பாலும் ஒருவர் தம் நிலை காரணமாகச் செய்தே தீரவேண்டியதைக் குறித்தது. யாரிடமும் ஒன்றை வாங்கியதனாலே பிறப்பதன்று அது. மனிதர் மனிதரோடு சேர்ந்து வாழ்வதனாலே பிறப்பது. இரவல் கொடுக்கல் வாங்கலுக்கு வேறொரு சொல்லும் இருந்தது. அளவு குறித்து வாங்கி அதே அளவைத் திருப்பிக் கொடுப்பதைக் குறியெதிர்ப்பை என்றனர். புறநானூற்றிலும் குறளிலும் இச்சொல்லைக் காணலாம். ஒரு கொத்து அரிசி வாங்கினால் ஒரு கொத்து அரிசி திரும்பும். அக்காலத்தில் 'வட்டி' என்பதும் ஓலைப்பெட்டியைத்தான் குறித்தது என்று சொன்னால் இன்று எம் மாணவர் நம்புவதில்லை! இதனைக் கொண்டு சங்ககாலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடுவோர் வரிசையில் நாமும் சேர்ந்துவிட்டதாக எவரும் கருதவேண்டா. பாணரின் பசியும் அடிமைகளின் உழைப்பும் அதே பாடல்களில்தான் பதிவாகியுள்ளன. நாம் சொல்ல விரும்புவது இவ்வளவே: கடமை, வாங்கிய பணம் என்னும் இரு வேறு பொருள்களும் காலப்போக்கில் ஒரே சொல்லுக்குள் வந்து குடியேறின, அவ்வாறு குடியேறிய பின்னர், பணத்தைத் திருப்பிக் கேட்பவன் கடமையின் குரலிலே பேசும் வாய்ப்பைப் பெற்றுவிட்டான்.

கடன்பட்டவரின் நெஞ்சுக்கு இலங்கை வேந்தனின் கலக்கத்தை ஒப்பிட்ட அடி ஒன்றைக் கம்பன் வாக்கு என்று எம்மவர் மேடைதோறும் கூறுவர். கம்பராமாயணத்தில் அது இல்லை. யார் வாக்காயினும் ஆகுக. கடன்பட்டவன் கலங்கித்தான் ஆகவேண்டும் என்பதை எமது சமூகம் எவ்வளவு இயல்பாக ஏற்றுக்கொண்டுள்ளது என்பதற்கு அவ்வடியின் செல்வாக்கே சான்று. கடன் கொடுத்தவர் நெஞ்சைப் பற்றி ஒரு பழமொழியையேனும் நாம் கேட்டதில்லை.

இனி அத்தாயாரிடம் வருவோம். கணவர் போரின் இறுதி மாதங்களிலே காணாமற்போனவர். மீள்குடியேறியபின் இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் 550,000 ரூபா கிடைத்தது. அப்பணத்தைக் கொண்டு தாமே கட்டிக்கொள்ளவேண்டிய வீடு அது. சீமெந்தும் மணலும் ஓடும் விலையேறிய காலத்தில் அத்தொகை கூரை மட்டத்தை எட்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. கதவுக்கும் யன்னலுக்கும் முதற்கடன் வாங்கினார். ஏ-9 வீதி திறந்த பின்னர் வடக்கை நோக்கி வந்த நிதிக் கம்பனிகளின் உத்தியோகத்தர், மோட்டார் சைக்கிள்களில் வீட்டு வாசலுக்கே வந்து கடன் கொடுத்த காலம் அது. வங்கி கேட்கும் பிணையாளிகளை இப்பெண்கள் எங்கே தேடுவர்? கம்பனி பிணையாளியைக் கேட்கவில்லை. ஐந்து பெண்களைக் குழுவாகச் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னது. கிழமைக்கொரு நாள் ஒரு வீட்டு முற்றத்தில் கூடித் தவணை கட்டவேண்டும். ஒருத்தி கட்டத் தவறினால் மற்றை நால்வரும் அதை நிரப்பும்வரை எவரும் எழுந்து போகக்கூடாது. முதற்கடனை அடைக்க இரண்டாவது கடனும், இரண்டாவதன் தவணைக்காக இன்னொரு கம்பனியிடம் மூன்றாவதும் வாங்கினார். மூன்றாவதை வாங்கும்போது காதிலிருந்த தோடும் அடைவுக்குப் போயிற்று.

இவர் பாடசாலைக்கு வந்த காரணம் வேறு. மகள் ஒப்படைகளை உரிய நாளிற் கையளிப்பதில்லை என்று வகுப்பாசிரியர் அழைத்திருந்தார். வீட்டில் மின்னிணைப்பைத் துண்டித்து ஒன்றரை மாதமாயிற்று என்பது அப்போதுதான் தெரியவந்தது. பிள்ளை பகல் வெளிச்சம் இருக்கும்வரை படித்துவிட்டுப் பின்னர் அயல் வீட்டுத் திண்ணைக்குப் போகிறாள். அங்கும் எத்தனை நாளைக்குப் போவது? மண்ணெண்ணெய் விளக்குக்குத் திரும்பலாமென்றால் அதன் விலையும் 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகிவிட்டது. "கிழமைக்காசை ஒரு முறை விட்டுவிட்டுக் கரண்டுக் காசைக் கட்டியிருக்கலாமே" என்று நாம் கேட்டோம். இன்று நினைத்தால் அக்கேள்விக்காக வெட்கமாக உள்ளது. அவர் சொன்ன மறுமொழி இது:

"சேர், கரண்டை வெட்டினால் எங்கட வீடு மட்டும்தான் இருட்டு. கிழமைக்காசு கட்டாட்டி அஞ்சு வீட்டுச் சனமும் முத்தத்தில குந்திக்கொண்டிருக்க வேணும். அதுகளின்ர முகத்தை நான் எப்பிடிப் பார்க்கிறது?"

இம்மறுமொழியைக் கேட்டபின் நாம் சில நாட்கள் வேறெதையும் சிந்திக்க இயலாதிருந்தோம். ஏனெனில், இதிலே பேசுவது பயம் அன்று. பயம் மட்டுமாக இருந்திருப்பின் விடயம் இலகு. அயலவர்க்குத் தன்னால் தீங்கு நேரக்கூடாது என்னும் உயர்ந்த ஒழுக்கம் இது. பொன்முடியார் காலத்துக் 'கடன்' என்னும் சொல்லின் பழைய பொருள் அந்த அம்மையாரின் நெஞ்சில் இன்னும் உயிரோடு உள்ளது. குழுக்கடன் என்னும் ஏற்பாடு அவ்வொழுக்கத்தைத்தான் ஈடாக எடுத்துக்கொண்டுள்ளது. காணியில்லாதவளிடம் காணியை ஈடு கேட்க முடியாது; நகையில்லாதவளிடம் நகையைக் கேட்க முடியாது. எனினும் கிராமத்துப் பெண்களிடையே ஒன்று மிஞ்சியிருந்தது: ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் ஓடிவரும் உறவு. போர் எல்லாவற்றையும் அள்ளிச் சென்ற பின்னரும் எஞ்சிய சொத்து அதுவே. அதற்கும் ஒரு விலையுண்டு என்பதைக் கண்டுபிடித்தோரின் மதிநுட்பத்தை வியக்காமல் இருக்க முடியவில்லை. முற்றத்தில் கூடியிருக்கும் பெண்களுள் ஒருத்தி தவணைக் காசில்லாமல் வரும்போது, மற்றவர்களின் முகத்தில் முதலிலே தோன்றுவது இரக்கமா ஆத்திரமா? இரக்கம் தோன்றிய முகங்களிலேயே ஆத்திரத்தைத் தோற்றுவிப்பதுதான் இம்முறையின் வெற்றி. கம்பனியின் உத்தியோகத்தன் ஒரு சொல்லும் பேசவேண்டியதில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாற் போதும்.

கடனைத் தீர்ப்பதற்கன்றிக் கடன்பட்டவரைக் கட்டிவைப்பதற்கே கடன் கொடுக்கும் வழக்கம் இந்நாட்டுக்குப் புதியதன்று. தென்னிந்தியாவிலிருந்து மலையகத்துக்கு வந்த தொழிலாளி கப்பற் செலவு முதலியவற்றைக் கங்காணியின் கணக்கிலே கடனாகச் சுமந்தே தோட்டத்தில் கால்வைத்தான். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போவதாயின் அக்கடனைப் புதிய தோட்டம் தீர்த்தல் வேண்டும். அதற்குரிய சீட்டே 'துண்டு' எனப்பட்டது. மனிதர் ஒரு கணக்கேட்டிலிருந்து மறு கணக்கேட்டுக்கு மாற்றப்பட்டனர். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. வட்டிமுதல் எந்த உற்பத்தி முறையையும் மாற்றியமைப்பதில்லை, அதனோடு ஒட்டிக்கொண்டு அதனை நலிவிக்கிறது என்று மார்க்ஸ் 'மூலதன'த்தின் மூன்றாம் பாகத்திலே விளக்குகிறார். எமது கிராமத்துக் கிழமைக்காசை நோக்கும்போது அவ்விளக்கம் நினைவுக்கு வருகின்றது. கடன் வந்த பின்னரும் அத்தாயார் கச்சான் பிடுங்கும் கூலிக்கும் வெங்காயம் நடும் கூலிக்குமே போகிறார். அவரது உழைப்பின் முறை எவ்வகையிலும் மாறவில்லை, கூலி கைக்கு வந்ததும் போய்ச்சேரும் இடமே மாறியுள்ளது. இலங்கையில் நுண்கடன்களுக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 220 வரை வட்டி அறவிடப்படுவதாக, 2018இல் இங்கு வந்து ஆராய்ந்த ஐக்கிய நாடுகள் சபையின் வெளிநாட்டுக் கடன் பற்றிய சுயாதீன நிபுணர் தமது அறிக்கையிலே குறித்தார். தவணை கேட்டு வருவோரின் பாலியல் தொல்லைகளையும் அவர் குறிப்பிடாமல் விடவில்லை. 2016இல் நுண்நிதிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டிருந்த நாடு இது.

அதே 2018இல் அரசாங்கம் ஒரு நிவாரணத்தை அறிவித்தது. வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற, ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட, மூன்று மாதத்துக்கு மேல் தவணை கட்டப்படாத நுண்கடன்களை நீக்குவது என்பதே அது. நல்ல காரியந்தான். ஆனால் தாலிக்கொடியை விற்றும் அரைவயிறு உண்டும் தவணை தவறாமற் கட்டி வந்தவளுக்கு அதில் ஒன்றும் இல்லை. கடனைக் கட்டுவதே அறம் என்று நம்பியவளை அரசாங்கத்தின் கருணை தாண்டிச் சென்றது. இதிலிருந்து அவள் எந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ளல் வேண்டும் என்பதை ஒழுக்கம் போதிப்போர்தான் சொல்லவேண்டும்.

ஒழுக்கம் போதிப்போருள் ஆசிரியர்களாகிய நாமும் அடங்குவோம். பெற்றோர் கூட்டங்களிலே சிக்கனத்தைப் பற்றிப் பேசாத ஆண்டில்லை. வரவறிந்து செலவு செய்க, ஆடம்பரத்தைத் தவிர்க்க, விளக்கை அணைத்து வைக்க. இவை யாவும் உண்மைகளே. ஆனால் எவரிடம் சொல்கிறோம் என்பதையும் பார்த்தல் வேண்டுமல்லவா? மின்கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்டுக்கு முன்னர், மாதத்தில் முப்பது அலகு மட்டுமே பாவிக்கும் வீட்டுக்கு அலகொன்றுக்கு 2 ரூபா 50 சதமும் நிலையான கட்டணம் 30 ரூபாவும் விதிக்கப்பட்டன. ஆக மொத்தம் 105 ரூபா. அவ்வாண்டு ஆகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75 என உயர்த்தியபோது அதே முப்பது அலகு 360 ரூபாவாயிற்று. 2023 பெப்ரவரியில் நூற்றுக்கு 66 என மீண்டும் உயர்த்தினர். அலகு 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. ஆக மொத்தம் 1,300 ரூபா. நூற்றுக்கு 75, நூற்றுக்கு 66 என்று பத்திரிகையிலே படித்தவர்க்கு, 105 ரூபா 1,300 ரூபாவாகும் என்பது எளிதில் விளங்கியிராது. சராசரி என்பது அத்தகையது. மாதம் 180 அலகுக்கு மேற் பாவிக்கும் வீடுகளின் மிகையான அலகுக்கு இதே காலத்தில் விலை 45 ரூபாவிலிருந்து 75 ரூபாவாக உயர்ந்தது. இரு மடங்கைக்கூட எட்டவில்லை. மிகச் சிறிய வீட்டின் அலகோ பன்னிரு மடங்காயிற்று. மூன்று மின்குமிழ்களையும் ஒரு கைத்தொலைபேசியையும் வைத்திருப்பவள் எதை அணைத்து எதைச் சிக்கனப்படுத்துவது? எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மாதம் முழுவதும் இருட்டில் இருந்திருந்தாலும் அந்த 400 ரூபா அப்போது வந்தே தீர்ந்திருக்கும். எமது கூட்டத்திலே ஒரு முதியவர் இதையே எழுந்து கேட்டார். அதிபர் பேச்சை வேறு பொருளுக்குத் திருப்பிவிட்டார். நாமும் வாய் திறக்கவில்லை.

இவ்விடத்தில் எதிர்த்தரப்பின் நியாயத்தையும் மறைத்தல் தகாது. மின்சாரம் வானத்திலிருந்து இலவசமாக இறங்குவதில்லை. மழை பொய்த்தால் நிலக்கரியும் எண்ணெயும் டொலரிலே வாங்கவேண்டும். 2022இல் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியது. வாங்கப் பணமின்றி அவ்வாண்டு மார்ச் இறுதியிலே நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் நாடே இருளில் இருந்தது. பல்லாண்டுகளாக அடக்க விலைக்குக் குறைவாக மின்சாரத்தை விற்று அந்நட்டத்தை அரச வங்கிகளின் தலையிற் கட்டியதும் உண்மை. மலிவான மின்சாரத்தின் நன்மையைக் குளிரூட்டிய மாளிகைகளே அதிகம் அனுபவித்தன என்பதும் உண்மை. ஆதலால், செலவுக்கேற்ற விலை வேண்டும் என்று சர்வதேச நாணய நிதியம் கூறும்போது அதை வெறும் சூழ்ச்சி என்று தள்ளிவிடுவது எமக்கு உடன்பாடன்று. எமது கேள்வி வேறு. நட்டம் யாரால் விளைந்தது? அதை யார் சுமப்பது? முதற் கேள்விக்கு உயர் நீதிமன்றமே 2023 நவம்பரில் ஒரு விடை கூறியுள்ளது. முன்னாள் சனாதிபதிகள் இருவர் உட்பட ஆட்சியின் உச்சியிலிருந்தோர் பொதுமக்கள் தம்மீது வைத்த நம்பிக்கைப் பொறுப்பை மீறினர் என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது. அவர்கள்மீது இழப்பீடு விதிக்கப்படவில்லை. வழக்குச் செலவு விதிக்கப்பட்டது. இரண்டாம் கேள்விக்கு விடையை மாதாமாதம் மின்மானி வாசிப்பவர் வீட்டு வாசலிலே தந்துவிட்டுப் போகிறார். 2024இல் இரு தடவை கட்டணம் குறைக்கப்பட்டது. 2025 ஜனவரியில் மேலும் குறைந்து, ஜூனில் நூற்றுக்கு 15 திரும்ப ஏறிற்று. இவ்வேற்ற இறக்கங்களுக்கிடையில் நிலுவை என்று ஒருமுறை ஏறிய தொகை மட்டும் இறங்கவேயில்லை.

இனி, எம்மை மிகவும் தொல்லைப்படுத்தும் ஒப்பீட்டுக்கு வருவோம். 2022 ஏப்ரல் 12ஆந் திகதி இலங்கை அரசாங்கம் தனது வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியது. உணவும் மருந்தும் எரிபொருளும் வாங்குவதா, கடன் கட்டுவதா என்ற நிலை வந்தபோது, கடனை நிறுத்துவதே தகும் என்று நிதியமைச்சு முடிவு செய்தது. அம்முடிவு சரியானதென்றே நாம் கருதுகிறோம்; காலந்தாழ்த்தி எடுத்தது என்பதே குறை. அதற்காக எவரும் நாட்டை முற்றத்தில் குந்தவைக்கவில்லை. ஆலோசகர்களை அமர்த்தினர், மாநாடுகள் கூடின, சொற்கள் கூட மாறின. வங்கரோத்து என்பது 'கடன் மறுசீரமைப்பு' ஆயிற்று. முதலிலும் வட்டியிலும் ஒரு பங்கு கழிபட்டு, தவணைகள் பின்தள்ளப்பட்டு, 2024 டிசம்பரிலே சர்வதேசப் பிணைமுறிக்காரரோடு பரிமாற்றம் நிறைவேறியது. உள்நாட்டிலே 2023இல் ஊழியர் சேமலாப நிதி முதலிய தொழிலாளரின் முதுமைக்காலச் சேமிப்புகள் குறைந்த வட்டிப் பிணைமுறிகளை ஏற்கவேண்டியதாயிற்று. வணிக வங்கிகளின் ரூபாப் பிணைமுறிகளிலே கைவைக்கப்படவில்லை. பிள்ளைக்குச் சோறா, கம்பனிக்குத் தவணையா என்று அத்தாயார் நின்றபோது அவரும் நிதியமைச்சு நின்ற அதே இடத்தில்தான் நின்றார். அமைச்சு எடுத்த முடிவுக்கு மதிநுட்பம் என்று பெயர். அதே முடிவை அவர் எடுத்திருந்தால் அதற்கு ஏமாற்று என்று பெயர் வந்திருக்கும். பொருள் ஒன்றாயிருக்க ஒழுக்கம் மட்டும் ஏன் இரண்டாகின்றது?

கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவதே நீதி என்னும் கருத்தைப் பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் தொடக்கத்திலேயே சோதனைக்கு உட்படுத்துகிறார். நண்பனிடம் இரவலாகப் பெற்ற ஆயுதத்தை, அவன் சித்தம் கலங்கியிருக்கும் வேளையிற் கேட்டால் திருப்பிக் கொடுப்பது நீதியாகுமா என்று சோக்கிரதீசு வினவுகின்றார். ஆகாது என்று எல்லோரும் ஒப்புகின்றனர். அவ்வளவில், கடனைத் திருப்பிக் கொடுப்பது என்பது எக்காலத்தும் எவ்விடத்தும் பொருந்தும் அறமன்று என்பது நிலைநாட்டப்பட்டுவிட்டது. பிளேட்டோவுக்கும் முன்னரே, அதே அதென்சில், கி.மு. ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சோலன் உழவரின் கடன்களை நீக்கி, இனி எவரும் தம் உடலை ஈடுவைத்துக் கடன் வாங்கலாகாது என்று தடைசெய்தார். உடலை ஈடுவைப்பதைத் தடைசெய்த சட்டம் உறவை ஈடுவைப்பதைப் பற்றி என்ன சொல்லும் என்று நாம் சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

எனினும் இவ்வாதத்தை எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்பதில் எமக்கே தயக்கம் உண்டு. 'எவரும் எக்கடனையும் கட்டவேண்டியதில்லை' என்று எழுதிவிடுவது எளிது. எழுதிய மறுநாள் ஏழைக்குக் கைமாற்றுக் கொடுக்க எவர் முன்வருவர்? எமது கிராமங்களில் இன்றும் சீட்டுப் பிடிக்கிறார்கள், கடைக்காரர் கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் கொடுக்கிறார், விதைநெல்லை மாறிக்கொள்கிறார்கள். 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் வளர்ந்த நாணய சங்கங்கள், சிக்கனக் கடனுதவுச் சங்கங்கள் யாவும் வாங்கியவர் திருப்பித் தருவார் என்னும் நம்பிக்கையில் நிற்பவையே. அந்நம்பிக்கையைக் குலைத்தால் முதலில் விழுபவர் ஏழைகளே. ஆதலால் ஒரு வேறுபாட்டைக் காணவேண்டியுள்ளது. சீட்டுப் பிடிக்கும் பெண்களுள் இன்று கொடுப்பவள் நாளை வாங்குவாள். இருவரும் ஒரே தரையில் நிற்கின்றனர். ஒருத்தி இடறினால் மற்றவள் பொறுப்பதும் அவ்வுறவுக்குள் அடங்கும். கிழமைக்காசு வாங்கும் கம்பனி ஒருநாளும் அப்பெண்ணிடம் கடன் கேட்டு வரப்போவதில்லை. வேண்டாம் என்று மறுக்க இயலாதவள் ஒப்பமிட்ட தாளை உடன்படிக்கை என்று அழைப்பது சட்டத்துக்குப் பொருந்தலாம், அறத்துக்குப் பொருந்துமா? வாங்கிய முதலை அவள் திருப்பித் தரட்டும். நியாயமான கூலியாக ஒரு சிறு வட்டியும் தரட்டும். முதலின் இருமடங்கைக் கட்டிய பின்னரும் முதல் அப்படியே நிற்கிறது என்று கணக்குக் காட்டப்படுமாயின், அதற்குமேல் அவள் கட்டுவது கடனன்று, திறை. திறையை மறுப்பது கடமை தவறுதல் ஆகுமா? ஆகாது என்பதே எமது துணிபு. எந்த இடத்திலே கோடு கிழிப்பது என்று கேட்போர்க்கு, அக்கோட்டைக் கிழிக்கும் உரிமை கடன்பட்டோருக்கும் இருத்தல் வேண்டும் என்று மட்டும் இப்போது கூறுவோம்.

அவ்வுரிமையைக் கேட்டு எழுந்தவர்களும் உளர். 2021 மார்ச் மாதம், பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி வாரக்கணக்கில் இருந்தனர். அவர்கள் சிங்களக் கிராமத்து உழவர் குடும்பப் பெண்கள். அவர்கள் கூறிய கதைகளைத் தமிழிலே எழுதினால், ஊர்ப்பெயரைத் தவிர வேறெதையும் மாற்றவேண்டியிராது. அதே முற்றம், அதே ஐவர் குழு, அதே கைக்கடிகாரம். குழுக்கடன் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த ஒன்றுசேர்தலை அவர்கள் கம்பனிக்கு எதிராகவே திருப்பிப் பிடித்தனர். மொழிவாரியாகப் பிரித்து வைக்கப்பட்ட மக்களை ஒரே கணக்கேட்டில் எழுதி வைத்திருப்பவர்கள் கடன் கொடுப்போரே. அக்கணக்கேட்டை நாமும் ஒருமுறை வாங்கிப் படித்திருந்தால், இனப்பிரச்சினை பற்றிய எமது கட்டுரைகள் சில வேறுவிதமாக அமைந்திருக்கும்.

எம்மைப் பற்றியும் ஒரு சொல். ஆசிரியராகிய நாமும் கடன்காரரே. இடர் கடன், வங்கிக் கடன் யாவும் சம்பளச் சீட்டிலேயே கழிந்துவிடுகின்றன. கையில் வரும் மிச்சத்தைச் சம்பளம் என்று அழைக்கக் கூச்சமாயிருக்கும் மாதங்களும் உண்டு. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி வட்டி வீதத்தை ஒரே நாளில் ஏழு புள்ளிகள் உயர்த்தியதன் சூட்டை நாமும் உணர்ந்தோம். ஆயினும் வங்கிக்குப் போனால் முகாமையாளர் கதிரை தருகிறார். "சேர், தவணையை நீட்டித் தரலாம்" என்கிறார். எமது அயலவரை அழைத்து முற்றத்தில் குந்தவைப்பதில்லை. அக்கதிரையில் அமர்ந்து பழகிய நாம், கதிரை தரப்படாதவர்களுக்குச் சிக்கனம் போதிக்கப் புறப்பட்டோம்.

அம்மாணவியின் வீட்டு இணைப்பைப் பற்றிக் கூறாமல் விட்டுவிட்டோம். நாமும் ஆசிரியர் நால்வரும் சேர்ந்து, நிலுவைக்கும் மீள்இணைப்புக்கும் வேண்டிய பணத்தைத் திரட்டிக் கொடுத்தோம். இதை நன்கொடை என்றே கருதினோம்; திருப்பித் தரவேண்டாம் என்று தெளிவாகவும் சொன்னோம். விளக்கு எரிந்தது, பிள்ளையின் ஒப்படைகள் வந்துசேர்ந்தன. ஒன்பது மாதம் கழித்து, கச்சான் அறுவடை முடிந்த கிழமை, தாயார் ஆசிரியர் அறைக்கு வந்தார். சேலைத் தலைப்பிலிருந்து ஒரு கடதாசிப் பொட்டலத்தை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். ஐந்து பேருடைய பங்கும் தனித்தனியே மடித்து, நூலாற் கட்டப்பட்டிருந்தது. கூடவே ஒரு பை அவித்த கச்சான்.

"வேண்டாம் என்று சொன்னோமே அம்மா" என்றோம்.

"நீங்கள் சொன்னனீங்கள்தான் சேர். அது உங்கட பக்கம். இது என்ர பக்கம்."

அந்தக் கிழமை கம்பனிக்குத் தவணை கட்டினாரா என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டோம். கச்சானை ஆசிரியர் எல்லோருமாகப் பகிர்ந்து உண்டோம்.